இரண்டு வீட்டுக்கும் ஆகாத மாப்பிள்ளை!

மேல் மாடிப் பையன் கிடார் வாங்கியிருக்கிறான். இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். கிடார் வாங்குகிற நம்மூர்ப் பையன் முதலில் கற்றுக்கொள்வது என்ன? கரெக்ட்... 'ஹோட்டல் கலிஃபோர்னியா'தான்! நான் காலேஜில் படித்த நாளில் கல்ச்சுரல்ஸ் என்றால், மேடையில் யாராவது ஒரு தாடிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் பாடுவான். அவனுக்கு முன்னால் வந்தவனும் அதையேதான் பாடிவிட்டுப் போயிருப்பான். தலைமுறை மாறிவிட்டது, தாடி ட்ரிம் ஆகிவிட்டது, பாட்டு மட்டும் மாறவில்லை. ராத்திரி பத்தரைக்கு மேல் என் தலைக்கு மேலே அதே ஆரம்பம் கேட்கும். நாலாவது இடத்தில் விரல் தடுக்கும். மறுபடி முதலிலிருந்து. மறுபடி தடுக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் மடக்கினேன்.

"ஏம்ப்பா, இந்த ஈகிள்ஸ் ஆரம்பத்துல என்ன மாதிரிப் பாட்டு போட்டுக்கிட்டிருந்தாங்க, தெரியுமா?"

"ராக்தானே அங்கிள்?"

"கன்ட்ரி ராக்."

"அப்படின்னா? பட்டிக்காட்டு ராக்கா?"

சும்மா சொல்லக்கூடாது, மொழிபெயர்ப்பு ஏறக்குறைய சரி. "உட்காரு, சொல்றேன்" என்றேன். "அங்கிள், எனக்கு டெஸ்ட் இருக்கு" என்று மூன்று மூன்று படியாகத் தாவி ஓடிவிட்டான். அவன் தப்பித்தான். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு கேசட்தான் காரணம். அப்போதெல்லாம் ரெக்கார்டிங் சென்டர் என்று தெருவுக்குத் தெரு உண்டு. 90 நிமிஷ கேசட் ஒன்றை வாங்கிக் கொடுத்து, வேண்டிய பாட்டுக்கு லிஸ்ட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். நான் ஈகிள்ஸ் லிஸ்ட் கொடுத்திருந்தேன். வாங்கப் போனபோது கடைக்காரர், "பி சைடுல கொஞ்சம் இடம் மிச்சம் இருந்துச்சு ஸார். நானே ஏதோ போட்டு விட்டேன்" என்றார். வீட்டில் போட்டுப் பார்த்தால், கடைசியில் ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகிற இரண்டு பாட்டு. பெண் குரல் பளிங்கு. ஆண் குரல் மட்டும் எந்த நிமிஷமும் உடைந்து விழுந்துவிடும் போல... சுருதியை ஒரு நூல் விட்டு, விழப் போகிற நேரத்தில் பிடித்துக்கொள்கிறது. பின்னால் ஏதோ ஒரு வாத்தியம் விசும்புகிறது. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டாள்.

கேசட் அட்டையில் பெயர் எழுதவில்லை. கடைக்காரரைக் கேட்டால், "யாரோ கொடுத்த டேப்பு ஸார்" என்றார். அந்தக் குரல்காரனின் பெயர் கிராம் பார்ஸன்ஸ் என்று நான் தெரிந்துகொள்ளப் பல வருஷம் ஆனது. தெரிந்துகொண்டபோது அவன் செத்தே வெகு காலமாகியிருந்தது. அதுவும் என்ன மாதிரி சாவு! அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் பாதியில் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

கன்ட்ரி என்பது அமெரிக்காவின் தென் பகுதி வெள்ளைக்கார ஏழை ஜனங்களின் பாட்டு. காதலி போய்விட்டாள், வேலை போய்விட்டது, அம்மா போய்விட்டாள், பாட்டில் மட்டும் இருக்கிறது. விஷயம் அவ்வளவுதான். அயர்லாந்து, ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்களின் ஃபிடில், ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த பாஞ்சோ, சர்ச் பாட்டு எல்லாம் கலந்த கூட்டாஞ்சோறு. கன்ட்ரியின் பிதாமகரான ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சிறு வயதில் கிடார் சொல்லிக் கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப் பாடகர். 1954-ல் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு வந்ததே, அதில் ஒரு பக்கம் கறுப்பர்களின் ப்ளூஸ் பாட்டு, மறு பக்கம் வெள்ளையர்களின் கன்ட்ரி பாட்டு. ஆக, ராக் என்ற குழந்தைக்குப் பிறக்கும்போதே கன்ட்ரி ரத்தம் பாதி இருந்தது. ஒரே குடும்பம் ஸார்! அதற்கப்புறம்தான் பாகப்பிரிவினை.

பிரிந்த பிறகு, டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரம் கன்ட்ரியின் தலைநகரமானது. அங்கே அதற்கு வயலின் கோஷ்டி வைத்து, கோரஸ் வைத்து, கோட்டு சூட்டு மாட்டிவிட்டார்கள். அது பிடிக்காதவர்கள் கலிஃபோர்னியாவில் இருந்தார்கள். 1930-களில் புழுதிப் புயலும் பஞ்சமும் துரத்த, ஓக்லஹோமா பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து, பேக்கர்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் எண்ணெய்க் கிணறுகளிலும் பருத்திக் காடுகளிலும் உழைத்த ஜனங்கள். சாயங்காலமானால் அவர்களுக்குச் சாராயக் கடையில் சத்தமாகப் பாட்டு வேண்டும். எலெக்ட்ரிக் கிடாரைக் கணீரென்று அடித்து பக் ஓவன்ஸ் அதைக் கொடுத்தார். சிறையில் இருந்துவிட்டு வந்த மெர்ல் ஹாகர்டும் கொடுத்தார். 1965-ல் பீட்டில்ஸே பக் ஓவன்ஸ் பாட்டு ஒன்றை எடுத்து ரிங்கோவைப் பாட வைத்தார்கள். ஜன்னல் வழியாக இரண்டு வீடும் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த நேரம்.

ஆனால் அந்த நேரம் நல்ல நேரமில்லை.

1968-ஐ நினைத்துப் பாருங்கள். வியட்நாம் சண்டை உச்சத்தில். ஏப்ரலில் மெம்ஃபிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டார்கள். ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸில் ராபர்ட் கென்னடியை. தலைமுடி வளர்த்தால் தேசத் துரோகி, தலைமுடி வெட்டினால் போர்வெறியன் என்று வீட்டுக்குள்ளேயே அப்பனும் பிள்ளையும் பேசுவதில்லை. ராக் கேட்கிறவன் ஒரு கட்சி, கன்ட்ரி கேட்கிறவன் எதிர்க் கட்சி. இந்தச் சூழ்நிலையில் சம்பந்தம் பேசக் கிளம்பினான் ஒரு 21 வயசுப் பையன்.

* * *

கிராம் பார்ஸன்ஸ் 1946-ல் ஃப்ளோரிடாவில் பிறந்தவன். அம்மா வழித் தாத்தா ஆரஞ்சுத் தோட்ட அதிபர். தோட்டம் என்றால் நம் கொல்லைப்புறம் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள், ஊரையே வளைத்துப் போட்ட பணக்காரர். பையன் வளர்ந்தது ஜார்ஜியா மாநிலத்து வேக்ராஸ் என்ற ஊரில். 1956-ல் அங்கே எல்விஸ் பாட வந்தபோது முன்னால் நின்று பார்த்தான். வயது 9. அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டான்.

பணம் இருந்ததே தவிர, வீடு வீடாக இல்லை. 1958 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்துப் போனார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். 'பார்ஸன்ஸ்' என்பது அந்த இரண்டாவது அப்பாவின் பெயர். அம்மாவையும் குடி விடவில்லை. 1965-ல் பையன் பள்ளிப் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கும் நாளன்று அம்மா போய்விட்டார். கன்ட்ரி பாட்டுக்கு வேண்டிய சகல சாமான்களும் வீட்டிலேயே இருந்தன. ஏழ்மை ஒன்றைத் தவிர.

ஹார்வர்டில் சேர்ந்தான். மத சாஸ்திரம் படிக்க என்று சொல்லி, ஒரே ஒரு பருவம் தாக்குப்பிடித்துவிட்டு, 'இன்டர்நேஷனல் சப்மரீன் பேண்ட்' என்று ஒரு குழு சேர்த்தான். 1968-ல் அவர்களுடைய ஒரே ஆல்பம் வந்தது. வந்தபோது குழுவே இல்லை. பார்ஸன்ஸ் அதற்குள் பெரிய இடத்துக்குத் தாவியிருந்தான்.

பெரிய இடம் என்றால் 'பேர்ட்ஸ்'. 1965-ல் பாப் டிலன் பாட்டை எலெக்ட்ரிக் கிடாரில் பாடி முதலிடம் பிடித்தவர்கள். ரவிசங்கரின் சிதாரைக் கேட்டுக் கிறங்கி, அந்தப் பாணியில் கிடார் வாசித்தவர்கள். 1968 தொடக்கத்தில் அந்தக் குழுவில் இரண்டு பேர்தான் மிச்சம்: ரோஜர் மக்வின், கிறிஸ் ஹில்மன். மக்வினுக்கு ஒரு பெரிய திட்டம். அமெரிக்க இசையின் சரித்திரம் முழுவதையும், பழைய மலைப் பாட்டு முதல் எலெக்ட்ரானிக் சத்தம் வரை, இரட்டை ஆல்பமாகப் போட வேண்டும். அதற்கு ஜாஸ் பியானோ வாசிக்க ஓர் ஆள் தேவை. ஹில்மன், பாங்க்கில் சந்தித்த ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு வந்தார். பையன் பியானோவும் வாசித்தான். ஆனால் வாயைத் திறந்தால் கன்ட்ரி!

ஹில்மனுக்கு வாயெல்லாம் பல். அவர் சின்ன வயசில் மாண்டலின் வாசித்து, மலைநாட்டுப் பாட்டு பாடி வந்தவர். மூன்றில் இரண்டு ஓட்டு. மக்வினின் இரட்டை ஆல்பம் போயே போச்சு. பியானோ வாசிக்க வந்த ஆள் ஒரு மாதத்தில் குழுவையே மூட்டை கட்டி நாஷ்வில்லுக்கு ரயிலேற்றியது போல ஆகிவிட்டது.

மார்ச் 1968. நாஷ்வில்லில் பதிவு ஆரம்பம். அங்கே 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று ஒரு நிகழ்ச்சி. 1925-லிருந்து வாராவாரம் ரேடியோவில் நேரடியாக வருவது. அப்போது அது நடந்துகொண்டிருந்த ரைமன் அரங்கம் 1892-ல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டியது. உட்காருவதும் சர்ச் பெஞ்சுகளில்தான். கன்ட்ரிக்காரர்களுக்கு அதுவே கோயில். ஒரு ராக் குழு அங்கே ஏறுவது, மார்கழி சீஸனில் நம் மியூஸிக் அகாடமி மேடையில் ஆறரை மணிக் கச்சேரியாக பெல்பாட்டம் மெல்லிசைக் குழுவை ஏற்றுவது மாதிரி. கம்பெனிக்காரர்கள் எப்படியோ சிபாரிசு பிடித்து இடம் வாங்கிவிட்டார்கள். பேர்ட்ஸ் முடியைக் கூடக் கொஞ்சம் வெட்டிக்கொண்டுதான் போனார்கள். போதவில்லை.

மேடை ஏறியதுமே கூட்டத்திலிருந்து 'ட்வீட்... ட்வீட்...' என்று பறவைச் சத்தம் போட்டுக் கேலி செய்தார்கள் என்று சொல்வார்கள். முதலில் ஒரு மெர்ல் ஹாகர்ட் பாட்டு பாடினார்கள். கூட்டம் கொஞ்சம் இறங்கி வந்தது. அடுத்ததும் ஹாகர்ட் பாட்டுதான் என்று ஏற்பாடு, அறிவிப்பும் ஆகிவிட்டது. பார்ஸன்ஸ் மைக்கைப் பிடித்து, இல்லை, என் பாட்டிக்காக என் சொந்தப் பாட்டு ஒன்று பாடப் போகிறேன் என்றான். 'ஹிக்கரி விண்ட்'. தெற்கே தான் வளர்ந்த மண்ணின் மரங்களையும் காற்றையும் நினைத்து ஏங்குகிற பாட்டு. நேரடி ஒலிபரப்பு, நடுவில் நிறுத்தவும் முடியாது. ஆப்ரி நிர்வாகிகள் கொதித்துப் போனார்கள். அந்தச் சபையில் அறிவித்ததை மாற்றுவது மகா பாவம்.

எனக்கு இந்த இடத்தில் அவன் மேல் கோபமும் வருகிறது, பாசமும் வருகிறது. கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. சொன்னபடி கேட்டிருந்தால் அடுத்த தடவை இரண்டு சாண் திறந்திருக்கும். ஆனால் வேற்று வீட்டில் முதல் பந்தியிலேயே 'என் பாட்டி சமையல்' என்று டிபன் பாக்ஸைத் திறக்கிற பிள்ளையை என்ன செய்வது? அவன் அந்த வீட்டையும் தன் வீடு என்றுதான் நினைத்தான். அவர்கள்தான் நினைக்கவில்லை.

அதே ஊரில் ரேடியோவில் பெரிய புள்ளி ரால்ஃப் எமரி. அவருடைய நிகழ்ச்சிக்கும் போனார்கள். அவர் இவர்கள் ரிக்கார்டை மதிக்கவே இல்லை. பார்ஸன்ஸும் மக்வினும் அந்த எரிச்சலில் அவரைக் கிண்டல் செய்து ஒரு பாட்டே எழுதிவிட்டார்கள். 1969-ல் வுட்ஸ்டாக் பெருவிழாவில் ஜோன் பயஸ் அதைப் பாடுகிற அளவுக்கு அது பிரபலம்.

'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' என்ற அந்த ஆல்பம் 1968 ஆகஸ்டில் வந்தது. கன்ட்ரி ராக் என்றால் இன்றைக்கும் எல்லோரும் முதலில் கை காட்டுவது இதைத்தான். அதில் கன்ட்ரி பாட்டோடு கறுப்பினத்தவரின் ஸோல் பாட்டு ஒன்றும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே கண்ணீர்தான் என்பது பார்ஸன்ஸின் வாதம். விற்பனை? பில்போர்ட் பட்டியலில் 77-வது இடம். முன்பு முதலிடம் பிடித்த குழு! கன்ட்ரிக்காரர்கள் 'ஹிப்பிகள்' என்று வாங்கவில்லை. ஹிப்பிகள் 'கன்ட்ரி' என்று வாங்கவில்லை.

போதாக்குறைக்கு, பார்ஸன்ஸின் பழைய கம்பெனி 'எங்கள் ஒப்பந்தம் இருக்கிறது' என்று மல்லுக்கு நின்றதில், அவன் பாடிய மூன்று பாட்டில் அவன் குரலை எடுத்துவிட்டு மக்வின் மறுபடி பாடினார். ஆல்பம் வெளிவரும்போது பார்ஸன்ஸ் குழுவிலேயே இல்லை. ஜூலையில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கச்சேரிக்குக் கிளம்ப வேண்டும். நிறவெறி ஆட்சி நடக்கிற நாட்டில் பாட மாட்டேன் என்று நின்றுவிட்டான். கொள்கையா? ரோலிங் ஸ்டோன்ஸ் கீத் ரிச்சர்ட்ஸோடு லண்டனில் கூத்தடிக்கக் கிடைத்த சாக்கா? சாக்குதான் என்று ஹில்மன் வெகு நாள் கறுவிக்கொண்டிருந்தார். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும் என்பது என் கட்சி. மனுஷன் நல்ல காரியம் செய்யும்போது அதில் நமக்கொரு சௌகரியமும் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன தப்பு?

* * *

முதலில் தொடங்கியது யார் என்று கேட்டால் அமெரிக்காவில் இன்னமும் அடிதடி. பாப் டிலன் 1966-லேயே நாஷ்வில்லில் போய்ப் பதிவு செய்தார். 1969-ல் ஜானி கேஷோடு சேர்ந்து பாடினார். ரிக்கி நெல்சன் 1966-ல் முழுக் கன்ட்ரி ஆல்பம் போட்டார். ஹில்மனே 1967-ல் பேர்ட்ஸில் கன்ட்ரி வாடையோடு பாட்டு எழுதிவிட்டார். பேர்ட்ஸை விட்டு முன்பே போன ஜீன் கிளார்க், பாஞ்சோக்காரர் டக் டில்லார்டோடு 1968-ல் போட்ட ஆல்பம் எனக்குச் சொத்து. 'மங்க்கீஸ்' என்று டி.வி.க்காகச் செய்த பொம்மைக் குழுவிலிருந்து வந்த மைக்கேல் நெஸ்மித்தையும் ஒதுக்க முடியாது. 'பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட்' உடைந்து ரிச்சி ஃப்யூரே 'போகோ'வை ஆரம்பித்தார். எல்லாவற்றுக்கும் முன்னால், 1962-லேயே, கண் தெரியாத கறுப்பினக் கலைஞர் ரே சார்ல்ஸ் கன்ட்ரி பாட்டுகளைத் தன் பாணியில் பாடி ஆல்பம் போட்டு, கோடிக்கணக்கான பேரைக் கேட்க வைத்தார். யாருக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ் கொடுப்பது? நம்மால் ஆகாது.

இப்போது அந்த விசும்புகிற வாத்தியம். அதன் பெயர் பெடல் ஸ்டீல். பார்த்தால் வாத்தியம் என்றே சொல்ல மாட்டீர்கள். நாலு கால் வைத்த குட்டி மேஜை. மேலே கம்பிகள். இடது கையில் ஓர் இரும்பு உருளையை வைத்துக் கம்பி மேல் வழுக்குவார்கள். நம்ம கோட்டு வாத்தியம் மாதிரியே. கோட்டு வாத்தியத்தில் இல்லாத சங்கதி கீழே இருக்கிறது: காலுக்குப் பெடல், முழங்காலுக்கு நெம்புகோல். தையல் மிஷினில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து ஒரு பெடலை மிதித்தால், ஒரு கம்பி மட்டும் விறைத்து ஸ்வரம் மேலேறும், பக்கத்துக் கம்பி அசையாமல் நிற்கும். அந்த இழுப்பில்தான் அழுகை. 1954-ல் பட் ஐஸக்ஸ் ஒரு பாட்டில் அப்படி மிதித்தார், அதற்கப்புறம் ஊரே மிதித்தது. மூலம் ஹவாய்த் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசஃப் கெகுகு என்ற பையன் கிடாரை மடியில் படுக்க வைத்து இரும்பால் வழுக்கியதில் ஆரம்பம். அதே ஹவாயன் கிடார் கடல் கடந்து கல்கத்தாவுக்கும் வந்தது. சுனில் கங்குலி அதில் சினிமாப் பாட்டு வாசித்த ரிக்கார்டுகள் உங்கள் வீட்டுப் பரணில்கூட இருக்கலாம். அமெரிக்கப் பெடல் ஸ்டீல் நம்மவருக்கு ஏதோ தெரிந்த குரல் மாதிரி இருப்பதற்கு இந்தச் சித்தப்பா, பெரியப்பா உறவும் ஒரு காரணம்.

கிளாரன்ஸ் ஒயிட் என்று ஒரு கிடார் மேதை. பேர்ட்ஸில் பிற்பாடு சேர்ந்தவர். அவருக்கு சாதாரணக் கிடாரிலேயே அந்த அழுகை வேண்டும். டிரம்ஸ்காரர் ஜீன் பார்ஸன்ஸ் (நம்ம ஆளுக்கு உறவில்லை) மெக்கானிக் வேலை தெரிந்தவர். கிடாருக்குள் நெம்புகோல் வைத்து, அதைத் தோள் பட்டையோடு இணைத்துவிட்டார். கிடார் கழுத்தைக் கீழே அழுத்தினால் தோள் பட்டை இழுத்து, ஒரு கம்பி மட்டும் முழு ஸ்வரம் ஏறும். கை இரண்டும் வேலையாக இருப்பதால் தோளை வேலைக்கு வைத்தார்கள்!

1969 பிப்ரவரி. கோபம் தணிந்த ஹில்மனோடு சேர்ந்து பார்ஸன்ஸ் 'ஃப்ளையிங் பர்ரிட்டோ பிரதர்ஸ்' குழுவாக முதல் ஆல்பம் போட்டான். பெடல் ஸ்டீலுக்கு ஸ்னீக்கி பீட் க்ளைனோ. அவருடைய இன்னொரு தொழில் களிமண் பொம்மைகளை அசைத்து டி.வி. படம் எடுப்பது. ஸ்டீல் கிடாரை ராக் கிடார் மாதிரி உறும வைத்தவர் அவர். அட்டைப் படத்துக்கு டிரெஸ் தைக்க நூடி கோன் கடைக்குப் போனார்கள். நூடி, கியவ் நகரில் பிறந்து பிழைக்க வந்த யூதர். எல்விஸுக்குத் தங்க ஜரிகை கோட்டு தைத்த கை. கன்ட்ரி நட்சத்திரம் என்றால் அவர் கடை ஜிகினா கோட்டு போட்டே ஆக வேண்டும். வண்டிச் சக்கரம், கள்ளிச் செடி என்று பூவேலை இருக்கும். பார்ஸன்ஸின் கோட்டை வடிவமைத்தவர் அங்கே வேலை பார்த்த மெக்ஸிகோக்காரர் மானுவல். பூவேலை என்ன தெரியுமா? கஞ்சா இலை, கசகசாப் பூ, மாத்திரைகள், நிர்வாணப் பெண்கள், கால்சட்டையில் தீ ஜ்வாலை, முதுகில் பெரிய சிலுவை! நாஷ்வில்காரர் பார்த்தால் மாரடைப்பு வரும். ஹிப்பி பார்த்தால், 'இதென்ன ஜிகினா?' என்பான். ஒரே கோட்டில் இரண்டு வீட்டுக்கும் அவமரியாதை!

அந்தக் குழு ஆட்டோமொபைல் வேகத்தில் போக வேண்டிய நேரத்தில் ரயிலில் போனது. பார்ஸன்ஸுக்கு விமானம் என்றால் பயம். ரயிலில் சீட்டாட்டம், போதை, ஒத்திகை கிடையாது. ஆல்பம் 164-வது இடத்தைத் தாண்டவில்லை. அந்த வருஷம்தான் ஹிப்பிகளை இடித்து மெர்ல் ஹாகர்ட் பாடிய பாட்டு கன்ட்ரியில் ஓஹோவென்று ஓடியது. பார்ஸன்ஸுக்கோ ஹாகர்ட்தான் தெய்வம்! பிறகு தன் தனி ஆல்பத்தைத் தயாரித்துத் தரச் சொல்லிக் கேட்டு, ஹாகர்டும் சரி என்று, கடைசியில் பின்வாங்கிவிட்டார். அதில் மனம் விட்டுப் போயிற்று என்பார்கள்.

வாஷிங்டனில் கிளப்புகளில் பாடிக்கொண்டிருந்த, கைக்குழந்தையோடு கஷ்டப்பட்ட ஓர் இளம்பெண்ணைப் பற்றி ஹில்மன் சொல்லி, பார்ஸன்ஸ் போய்ப் பார்த்தான். எம்மிலூ ஹாரிஸ். என் கேசட்டின் பளிங்குக் குரல்! எல்விஸின் வாத்தியக்காரர்களையே சொந்தப் பணத்தில் பிடித்து, இந்தப் பெண்ணோடு இரண்டு ஆல்பம் பதிந்தான். 'ஜிபி' 1973 ஜனவரியில் வந்தது. இரண்டாவது வருவதற்குள் ஆள் இல்லை.

1973 ஜூலையில் கிளாரன்ஸ் ஒயிட்டை, சாமான் ஏற்றிக்கொண்டு நின்றபோது குடித்துவிட்டுக் கார் ஓட்டி வந்தவர் மோதிக் கொன்றார். அந்தச் சாவு வீட்டில் பார்ஸன்ஸும் அவனுடைய மேனேஜர் ஃபில் காஃப்மனும் ஒரு சத்தியம் செய்துகொண்டார்கள்: நம்மில் யார் முதலில் போனாலும் இந்த மாதிரிப் புதைக்கக் கூடாது, ஜோஷுவா ட்ரீ பாலைவனத்தில் கொண்டு போய் எரித்துவிட வேண்டும். இரண்டே மாதம். செப்டம்பர் 19. அதே பாலைவனத்து மோட்டல் ஒன்றில் 8-ம் நம்பர் அறையில் மார்ஃபினும் மதுவும் சேர்ந்து பார்ஸன்ஸைக் கொண்டு போயின. வயது 26.

இரண்டாவது அப்பா உடலை விமானத்தில் லூயிஸியானாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். காஃப்மன் ஒரு சிநேகிதரோடு பழைய சவ வண்டி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, லாஸ் ஏஞ்சலீஸ் விமான நிலையத்துக்குப் போய், 'பிரயாணத் திட்டம் மாறிவிட்டது' என்று சொல்லிச் சவப்பெட்டியை ஏற்றிக்கொண்டார். ரசீதில் போட்ட கையெழுத்து 'ஜெரமி நோபடி'. அதாவது அனாமதேயம்! இரண்டு பேரும் நல்ல போதை. கிளம்பும்போது வண்டி சுவரில் வேறு இடித்தது. அப்படியும் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போய், கேப் ராக் என்ற பாறை அருகே பெட்ரோலை ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். போலீஸ் பிடித்தது. ஆனால் பிணம் யாருடைய சொத்தும் இல்லையாம், அதைத் திருடியதற்குச் சட்டத்தில் இடமில்லை. சவப்பெட்டியைத் திருடியதற்கு அபராதம் போட்டு அனுப்பினார்கள். அபராதம் கட்ட ஒரு பார்ட்டி வைத்து வசூல் செய்தார்கள். முழுக்க எரியாமல் மிச்சமிருந்ததை நியூ ஆர்லியன்ஸ் பக்கம் புதைத்தார்கள்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் முதலில் சிரித்தேன். பிறகு, சின்னப் பெண் குழந்தை ஒன்று அவனுக்கு இருந்தது என்று தெரிந்த பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

'கிரீவஸ் ஏஞ்சல்' 1974 ஜனவரியில் வந்தது. 195-வது இடம்.

அறுவடை வேறு ஆட்களுக்கு. 1971-ல் லிண்டா ரான்ஸ்டட் என்ற பாடகிக்குப் பின்னால் வாசிக்க நாலு பேர் சேர்ந்தார்கள்: க்ளென் ஃப்ரே, டான் ஹென்லி, பெர்னி லெடன், ராண்டி மைஸ்னர். லெடன் பழைய பர்ரிட்டோ. மைஸ்னர் பழைய போகோ. அந்தக் கால பாய்ஸ் கம்பெனி நாடக நடிகர்கள் மாதிரி எல்லோரும் எல்லாக் கம்பெனியிலும் இருந்தவர்கள். நாலு பேரும் சேர்ந்து ஈகிள்ஸ் ஆனார்கள். 1972-ல் முதல் ஆல்பம். அதைப் பதிந்தது லண்டனில், நாஷ்வில்லில் அல்ல! ஒத்திகை உண்டு, ஒழுங்கு உண்டு, நாலு குரலும் ஒரு மயிரிழை பிசகாது. 1976-ல் வந்த அவர்களுடைய 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 3 கோடியே 80 லட்சம் என்று 2018-ல் கணக்குச் சொன்னார்கள். 195 எங்கே, இது எங்கே!

லெடனுக்கு மட்டும் பழைய வீட்டு ஞாபகம் போகவில்லை. 1974-ல் ஈகிள்ஸ் ஆல்பத்திலேயே பார்ஸன்ஸுக்கு அஞ்சலியாக ஒரு பாட்டு எழுதிப் பாடினார். குழு கன்ட்ரியை விட்டு ராக் பக்கம் சாயச் சாய, ஒரு நாள் ஃப்ரேயின் தலையில் பியரால் அபிஷேகம் செய்துவிட்டு வெளியே போனார். அதற்கப்புறம் வந்ததுதான் மாடிப் பையனின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'. அதில் கன்ட்ரியைத் தேடினால் பூதக்கண்ணாடி வேண்டும்.

எம்மிலூ ஹாரிஸ் விடவில்லை. பார்ஸன்ஸ் சொல்லிக் கொடுத்த பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு, அதே எல்விஸ் வாத்தியக்காரர்களில் சிலரைச் சேர்த்துக்கொண்டு, 1975 முதல் நாஷ்வில் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். 2008-ல் கன்ட்ரி மியூஸிக் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அதே நாஷ்வில் மியூஸியத்தில் அந்தக் கஞ்சா இலைக் கோட்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மரியாதையாகக் காட்டியிருக்கிறார்கள். 'ட்வீட்... ட்வீட்...' கேட்ட ரைமன் அரங்கத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

நேற்று மாடிப் பையன் கரண்ட் பில் கொடுக்க வந்தான். டெஸ்ட் முடிந்துவிட்டதாம், ஓட வழியில்லை. என் பழைய கேசட்டைப் போட டெக் ஏது? அவன் போனிலேயே தேடச் சொல்லி, அந்த இரண்டு பாட்டில் ஒன்றைப் போட வைத்தேன். நின்றபடி கேட்டான். பாதியில் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அங்கிள், இவருக்குச் சுருதி கொஞ்சம் இறங்குதே?"

"ஆமாம்."

"அப்புறம் ஏன் நல்லா இருக்கு?"

உள்ளேயிருந்து என் மனைவி, "இன்னுமா அந்த ஆளுக்கு உடம்பு சரியாகலை?" என்று குரல் கொடுத்தாள்.